தானியங்கு மேடைவிளக்குகளின் வடிவமைப்பில் விட்டுக்கொடுப்புகள்: ஒளி, நிறை, ஒலி, கட்டுப்பாடு

ஆய்வுச்சுருக்கம்

இசைநிகழ்ச்சி, நாடகம், நடனம், தொலைக்காட்சிப் படப்பிடிப்பு ஆகியவற்றில் இன்று பயன்படும் தானியங்கு மேடைவிளக்கு, ஒளியியல், இயந்திரவியல், வெப்பவியல், மின்னணுவியல் ஆகிய நான்கு துறைகளும் ஒரே கூட்டிற்குள் சந்திக்கும் கருவியாகும். அக்கருவியில் ஒரு பண்பை உயர்த்தினால் மற்றொரு பண்பு தாழ்கிறது. கற்றையைக் குறுக்கினால் வில்லையும் நிறையும் பெருகுகின்றன. ஒளியைக் கூட்டினால் விசிறியின் இரைச்சல் மிகுகிறது. நிறத்தின் தரத்தை உயர்த்தினால் ஒளியின் அளவு குறைகிறது. இவ்விட்டுக்கொடுப்புகளின் அடிப்படைகளை எளிய கணக்கீடுகளுடன் விளக்குவதும், ஒரே ஒரு பண்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டு விளக்கை மதிப்பிடுவதால் நிகழ்கலைக்கு நேரும் இழப்பை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: தானியங்கு மேடைவிளக்கு, கற்றைப்பரவல், நிறக்கலவை, மங்கல் வளைவு, விசிறி இரைச்சல், டிஎம்எக்ஸ் 512, எல்இடி

1. முன்னுரை

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவுகளைக் கூறுமிடத்து, ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று வரையறுத்துவிட்டு, தூண்களின் நிழல் புறத்தே விலகும்படி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் குறிப்பிடுகிறது. கூரையைத் தாங்கத் தூண் வேண்டும். ஆடலைக் காண ஒளி வேண்டும். தூண் நிற்குமிடத்தில் நிழல் விழும். இம்மூன்றையும் ஒருசேர நிறைவுசெய்யும் இடத்தைத் தேர்வதே அங்கு விளக்கமைப்போனின் பணி. ஒன்றோடொன்று முரணும் தேவைகளுக்கு இடையில் ஏற்புடைய ஓர் இடத்தைக் காண்பதே பொறியியல் வடிவமைப்பு என்றால், அக்காதை காட்டும் விளக்கும் ஒரு வடிவமைப்புச் சிக்கலின் தீர்வே ஆகும்.

இன்றைய மேடைவிளக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. அது கிடைமட்டமாகத் திரும்புகிறது, மேலும் கீழும் சாய்கிறது, நிறம் மாறுகிறது, கற்றையை விரிக்கிறது, குறுக்குகிறது, உருவத் தகடுகளின் வழியே வடிவங்களை வீழ்த்துகிறது. இவை அனைத்தையும் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு மேசையிலிருந்து வரும் எண்களுக்கேற்பச் செய்கிறது. ஒரே கருவி பல கருவிகளின் பணியைச் செய்ய முற்படுவதால், அதனுள் முரண்களும் பெருகியுள்ளன.

விற்பனையாளர் தரும் விவரத்தாளில் வாட், லூமென், பாகை, கிலோகிராம் முதலிய எண்கள் தனித்தனி வரிகளில் அச்சிடப்படுகின்றன. அவை ஒன்றையொன்று சாராதவை போன்ற தோற்றத்தை அந்தத் தாள் உண்டாக்குகிறது. உண்மையில் ஒவ்வோர் எண்ணும் பிறிதோர் எண்ணை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டதாகும். அவ்விலையை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் முயற்சி.

2. வரலாற்றுப் பின்புலம்

தானியங்கு மேடைவிளக்கின் வணிக வரலாறு அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், ஷோகோ என்னும் இசைநிகழ்ச்சி ஒலி, ஒளி நிறுவனத்தில் தொடங்குகிறது. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் முதலில் தேடியது நிறம் மாற்றும் விளக்கை மட்டுமே. கண்ணாடியின் மீது மெல்லிய படலங்களை அடுக்கிச் செய்யப்படும் டைக்ரோயிக் வடிகட்டிகளைத் திருப்பி நிறத்தை மாற்றலாம் என்று கண்டறிந்த பின்னரே, மேலும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தால் விளக்கையே திருப்பலாம் என்னும் எண்ணம் எழுந்தது. 1980 டிசம்பரில் இங்கிலாந்தில் ஜெனசிஸ் இசைக்குழுவினரிடம் முன்மாதிரி காட்டப்பட்டது. 1981 செப்டம்பர் 25 அன்று ஸ்பெயினின் பார்சிலோனாவில் தொடங்கிய அக்குழுவின் இசைப்பயணத்தில் வேரி-லைட் என்ற பெயருடன் இவ்விளக்குகள் முதன்முதலாக மேடையேறின.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் வடிவமைப்பு நோக்கில் கருதத்தக்கவை. முதலாவது, அந்நிறுவனம் பல ஆண்டுகள் இவ்விளக்குகளை விற்காமல் வாடகைக்கு மட்டுமே அளித்தது. பல மோட்டார்களும் மின்னணுச் சுற்றுகளும் வெப்பமிக்க ஒரு கூட்டிற்குள் இயங்கும் கருவிக்குத் தொடர்ந்த பராமரிப்பு தேவை. கருவியின் சிக்கலை வணிக முறையும் பங்கிட்டுக்கொண்டது எனலாம். இரண்டாவது, முதல் விளக்கைத் தொடர்ந்து 1986இல் வந்த 200 வரிசையில் கூர்மையான உருவங்களை வீழ்த்தும் விஎல்2, பரந்து மென்மையாக ஒளிவீசும் விஎல்3 என இரு கருவிகள் தனித்தனியே அமைக்கப்பட்டன. ஒரே விளக்கில் இவ்விரு பண்புகளையும் முழுமையாகப் பெற இயலாது என்பதை அப்பிரிவு உணர்த்துகிறது. புள்ளி விளக்கு, பரவல் விளக்கு, கற்றை விளக்கு என்ற இன்றைய வகைப்பாடும் அதே உண்மையின் தொடர்ச்சியே.

3. ஒளிமூலமும் கற்றையும்

ஒளிமூலத்தின் பரப்பையும் அது ஒளியுமிழும் கோணத்தையும் இணைத்துக் கூறும் அளவொன்று ஒளியியலில் உண்டு. எத்தாந்து என்று வழங்கும் அதனை இக்கட்டுரை கற்றைப்பரவல் என்று குறிக்கிறது. வில்லைகளும் எதிரொளிப்பான்களும் இவ்வளவை மாற்றி அமைக்கலாம். ஆனால் ஒளியை இழக்காமல் குறைக்க முடியாது. சிறிய பரப்பு வேண்டுமெனில் பெரிய கோணம் அமையும்; சிறிய கோணம் வேண்டுமெனில் பெரிய பரப்பு தேவைப்படும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். தட்டையான வட்ட ஒளிமூலம் ஒன்று தன் முன்புறம் முழுவதும் ஒளியை உமிழ்வதாகக் கொள்வோம். மூலத்தின் விட்டத்தை வெளிவில்லையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது, கற்றையின் அரைக்கோணத்துச் சைன் மதிப்பாகும். 20 மி.மீ. விட்டமுள்ள எல்இடித் தொகுதியின் ஒளி முழுவதையும் 150 மி.மீ. வில்லையின் வழியே செலுத்தினால், கற்றையின் முழுக்கோணம் ஏறத்தாழ 15 பாகைக்குக் குறைய முடியாது. மூலத்தின் விட்டம் 40 மி.மீ. எனில் அது ஏறத்தாழ 31 பாகையாக விரியும். மூலத்தின் விட்டம் 5 மி.மீ. மட்டுமே எனில் 4 பாகைக்கும் குறைவான கற்றையைப் பெறலாம்.

மின்னிறக்க விளக்கின் ஒளிவில் சில மில்லிமீட்டர் அளவினது. ஆகவேதான் குறைந்த வாட் அளவுள்ள வில்விளக்கும் வானைத் துளைப்பது போன்ற மெல்லிய கற்றையை உண்டாக்குகிறது. இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனத்தின் ஷார்ப்பி என்னும் கற்றை விளக்கு 189 வாட் விளக்கையே கொண்டது. ஆயினும் தன்னைவிடப் பன்மடங்கு வாட் அளவுடைய கருவிகளுக்கு நிகரான செறிவை அது கற்றையின் நடுவில் தந்தது. இங்கு வென்றது மூலத்தின் சிறுமையே. மொத்த ஒளியின் மிகுதி அன்று.

எல்இடியில் மொத்த ஒளியைக் கூட்ட வேண்டுமெனில் பொதுவாகச் சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை கூடினால் பரப்பு விரியும். பரப்பு விரிந்தால் கற்றையும் விரியும். எனவே ‘ஆயிரம் வாட் எல்இடி’ என்பது தன்னளவில் செறிந்த கற்றைக்கு உறுதியளிப்பதில்லை. கற்றையைக் குறுக்க விரும்பும் வடிவமைப்பாளர் முன் இரண்டு வழிகளே உள்ளன: வில்லையைப் பெரிதாக்குவது அல்லது ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்து வீணாக்குவது. முதல் வழி நிறையாகவும் இரண்டாம் வழி வெப்பமாகவும் திரும்பி வருகின்றன.

4. இயக்கம்: ஆடியைத் திருப்புவதா, தலையைத் திருப்புவதா?

கற்றையைத் திசைதிருப்ப இருவகை அமைப்புகள் தோன்றின. விளக்கை அசையாது நிறுத்தி, அதன்முன் உள்ள சிறிய ஆடியை மட்டும் அசைப்பது ஒருவகை. விளக்கு, வில்லை, வடிகட்டி அனைத்தையும் தாங்கிய தலைப்பகுதியையே நுகம் போன்ற கவையில் பொருத்தித் திருப்புவது மற்றொரு வகை. முன்னதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஹை எண்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட இன்டெல்லாபீம். பின்னதன் முன்னோடி வேரி-லைட்.

ஆடியின் நிறை குறைவு. மேலும், ஆடி ஒரு பாகை திரும்பினால் கற்றை இரண்டு பாகை திரும்புகிறது. இதனால் மிக்க விரைவு எளிதில் கிட்டுகிறது. அசையாத கூட்டினுள் வெப்பத்தை வெளியேற்றுவதும் எளிது. ஆனால் ஆடியின் முன்னுள்ள வெளியை மட்டுமே கற்றை சென்றடையும். பின்புறமும் பக்கங்களும் எட்டா. ஆடியின் நிலையில் நேரும் சிறு பிழையும் கற்றையில் இருமடங்காகிறது. தலை திரும்பும் விளக்கு பொதுவாகக் கிடைமட்டத்தில் 540 பாகையும் சாய்வில் ஏறத்தாழ 270 பாகையும் இயங்குவதால் மேடை, அவை, கூரை அனைத்தையும் எட்டுகிறது. முழுச்சுற்று 360 பாகையே எனினும் 540 பாகை அளிக்கப்படுவதற்குக் காரணம், நடிகரைப் பின்தொடரும்போது விளக்கு எல்லையை அடைந்து, திரும்பச் சுற்றி வர நேராதிருப்பதே. எல்லையே இல்லாது சுழல வேண்டுமெனில் கம்பிகளுக்கு மாற்றாக வழுக்கு வளையங்கள் வேண்டும். அவை தேய்மானத்தையும் செலவையும் உடன் கொணரும்.

தலை திரும்பும் அமைப்பின் முதன்மைச் சிக்கல் நிலைமத் திருப்புத்திறன். ஒரே வடிவிலும் ஒரே பொருள்களாலும் அமைந்த தலையை எல்லா அளவுகளிலும் 1.25 மடங்கு பெரிதாக்கினால், நிறை அம்மடங்கின் மூன்றாம் அடுக்காக, அதாவது ஏறத்தாழ இருமடங்காக உயர்கிறது. நிலைமத் திருப்புத்திறனோ ஐந்தாம் அடுக்காக, அதாவது மும்மடங்காக உயர்கிறது. பழைய விரைவை நிலைநிறுத்த மோட்டாரின் முறுக்குவிசையும் மும்மடங்காக வேண்டும். மோட்டார் பெருத்தால் நிறை மீண்டும் கூடும், பல்வார்ப்பட்டைகள் நெகிழும், நிறுத்திய இடத்தில் தலை சற்று ஆடி அடங்கும். முந்தைய பகுதியில் கூறிய பெரிய வில்லையின் விலை இங்குச் செலுத்தப்படுகிறது. அந்நிறை முழுவதும் நடிகரின் தலைக்கு மேலே தொங்குகிறது என்பதால், கூரைச் சட்டகத்தின் தாங்குதிறனும் காப்புக் கம்பியும் இக்கணக்கில் இடம்பெற வேண்டியவை.

5. நிறம்

நிறத்தை உண்டாக்க இரு நெறிகள் உள்ளன. வெள்ளொளியிலிருந்து வேண்டாத அலைநீளங்களைச் சியான், மெஜந்தா, மஞ்சள் வடிகட்டிகளால் நீக்குவது கழித்தல் நெறி. சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளை வேண்டிய அளவில் சேர்ப்பது கூட்டல் நெறி.

கழித்தல் நெறியில் வெள்ளொளி மிகுதியாகவும் அடர்நிறங்கள் மங்கலாகவும் அமையும். அடர்நீலம் வேண்டும்போது மூலத்தின் ஒளியில் பெரும்பகுதி தள்ளுபடியாகிறது. மூலத்தின் நிறமாலையில் இல்லாததை வடிகட்டியால் உண்டாக்கவும் இயலாது. மின்னிறக்க விளக்குகள் பலவற்றில் அடர்சிவப்பு வலுவின்றி இருப்பதன் காரணம் இதுவே. கூட்டல் நெறியில் அடர்நிறங்கள் ஒளிமிக்கவை. ஆனால் மூன்று குறுகிய அலைநீளப் பட்டைகளால் ஆன வெள்ளொளி கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றினும், அதன்கீழ் மனித முகமும் துணியும் இயல்பாகத் தோன்றுவதில்லை. இக்குறையை நீக்க அம்பர், எலுமிச்சைப் பச்சை, சியான் முதலிய எல்இடிகளைச் சேர்க்கின்றனர். ஒளிமூலத்தின் பரப்பு வரையறுக்கப்பட்டது என்பதால், ஒவ்வொரு புதிய நிறமும் பிற நிறங்களுக்குரிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. நிறத்தின் தரம் உயர மொத்த ஒளி தாழ்கிறது.

நிறத்தரத்தை மதிப்பிடும் எண்களும் எச்சரிக்கையுடன் படிக்கத்தக்கவை. பரவலாக வழங்கும் நிற ஒப்புமைக் குறியெண் எட்டு மென்னிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பைக் குறிக்கும் ஒன்பதாம் மாதிரி அச்சராசரியில் இடம்பெறுவதில்லை. எனவே உயர்ந்த குறியெண் பெற்ற விளக்கும் அடர்சிவப்பில் தோற்கலாம். நடன அரங்கில் அரக்குச் சிவப்புப் பட்டையும் குங்குமத்தையும் முகத்தின் குருதியோட்டத்தையும் காட்டுவது அந்தச் சிவப்பே. அமெரிக்க ஒளியூட்டப் பொறியியல் கழகம் 2015இல் வெளியிட்ட டிஎம்-30 முறை 99 மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடுவதால் இக்குறையைப் பெரிதும் வெளிப்படுத்துகிறது.

6. மங்கல்

நாடகத்தில் ஒளி முழுமையாக எரிவதைவிட, அது அணையும் விதமே பொருள் தரும் தருணங்கள் பல. இழைவிளக்கில் மின்னோட்டத்தைக் குறைத்தால் இழை மெல்லக் குளிர்கிறது. ஒளி குறையும்போதே செம்மையும் கூடுகிறது. இழையின் வெப்ப நிலைமமே அணைதலுக்கு ஒழுக்கைத் தந்தது. மின்னிறக்க விளக்கை மின்வழியே முழுதும் மங்கச் செய்ய இயலாது. கற்றையின் குறுக்கே தகட்டை நகர்த்தி மறைக்க வேண்டும். எல்இடிக்கு வெப்ப நிலைமம் இல்லை என்றே கூறலாம். கட்டளையின் ஒவ்வொரு படியும் அப்படியே ஒளியாகிறது.

எட்டு இருமிகளால் ஒளியளவைக் குறித்தால் 0 முதல் 255 வரை 256 நிலைகள் கிடைக்கின்றன. இருளுக்கு அடுத்த முதல் நிலை முழு ஒளியில் 255இல் ஒரு பங்கு, அதாவது 0.4 விழுக்காடு. ஆனால் கண் உணரும் பொலிவு ஏறத்தாழ ஒளியளவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. அதன்படி அம்முதல் நிலையே முழுப்பொலிவில் 6 விழுக்காட்டுக்கு மேலாகத் தோன்றும். இருளிலிருந்து ஒளி பிறக்கும் காட்சியில் இது மெல்லிய விடியலாக அன்றி ஒரு துள்ளலாகவே தென்படும். எனவே 16 இருமிக் கட்டுப்பாடு தேவையாகிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. எல்இடியை மங்கச் செய்யும் பொதுவழி அதனை மிக விரைவாக எரித்தணைத்து, எரியும் நேரத்தின் பங்கை மாற்றுவது. நொடிக்கு 1,000 முறை எரித்தணைத்து 65,536 நிலைகளைப் பெற, ஏறத்தாழ 65.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் போதும். ஒளிப்பதிவுக் கருவியில் பட்டைகள் தோன்றாதிருக்க எரித்தணைப்பை நொடிக்கு 20,000 முறையாக உயர்த்தினால், அதே நுண்மைக்கு 1.3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கடிகாரம் வேண்டும். அது எளிதன்று. ஆகவே வடிவமைப்பாளர் நுண்மையைக் குறைக்கிறார், அல்லது எரித்தணைப்பின் விரைவைக் குறைக்கிறார், அல்லது மின்னோட்டத்தின் அளவையும் உடன்மாற்றும் கலப்பு முறையைக் கையாள்கிறார். அரங்கில் அமர்ந்திருப்போரின் கண்ணும் ஒளிப்பதிவுக் கருவியின் கண்ணும் வெவ்வேறு தேவைகளை முன்வைப்பதன் விளைவே இது.

7. வெப்பமும் ஒலியும்

விளக்கு உட்கொள்ளும் மின்னாற்றலில் ஒளியாக வெளியேறாத அனைத்தும் வெப்பமே. இழைவிளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராகக் கற்றையோடு வெளியேறிவிடும். எல்இடியின் வெப்பமோ சில்லின் பின்புறத்திலேயே தேங்குகிறது. அதனைக் கடத்தி வெளியேற்ற உலோகச் சிறகுகள் வேண்டும். அவை தலையின் நிறையைக் கூட்டும். சிறகுகளைக் குறைத்தால் விசிறி வேண்டும், விசிறி இரையும்.

விசிறியின் சுழற்சி விரைவு பாதியாகக் குறைந்தால் காற்றோட்டமும் பாதியாகிறது; இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபெல் தாழ்கிறது. பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவது சிறிய விசிறியை விரைவாகச் சுழற்றுவதைவிட அமைதியானது என்பது இதனால் பெறப்படும். ஆனால் பெரிய விசிறிக்குப் பெரிய தலை வேண்டும். நான்காம் பகுதியின் ஐந்தாம் அடுக்கு விதி இங்கு மீண்டும் குறுக்கிடுகிறது.

ஒரு விளக்கின் இரைச்சல் தனித்து அளக்கப்படுகிறது. அரங்கில் அவை கூட்டமாகத் தொங்குகின்றன. 1 மீட்டர் தொலைவில் 40 டெசிபெல் இரைச்சல் தரும் விளக்கு ஒன்றைக் கொள்வோம். 8 மீட்டர் தொலைவில், எதிரொலியற்ற வெளியில், அது 22 டெசிபெலாகக் குறையும். அத்தொலைவில் அத்தகைய 20 விளக்குகள் சேர்ந்தால் 13 டெசிபெல் கூடி 35 டெசிபெல் ஆகும். மூடிய அரங்கில் சுவர்களின் எதிரொலி இதனை மேலும் உயர்த்தும். ஒலிபெருக்கி நிறைந்த இசைநிகழ்ச்சியில் இது பொருட்டன்று. ஒலிவாங்கியின்றி நடிகர் தாழ்ந்த குரலில் பேசும் நாடகத்திலோ, பாடகர் சுருதியோடு இழையும் மென்னிசையிலோ, மௌனத்தின் மீது படியும் கறையாக அது அமைந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் வந்த வேரி-லைட் விஎல்5 விசிறியின்றி இயற்கைக் காற்றோட்டத்தாலேயே குளிரும்படி அமைக்கப்பட்டது. நாடக அரங்குகள் அதனை ஏற்றுக்கொண்டதில் அவ்வமைதிக்கும் பங்குண்டு.

வெப்பம் நிறத்தையும் தாக்குகிறது. சில்லின் வெப்பநிலை உயரும்போது சிவப்பு எல்இடியின் ஒளி, நீல எல்இடியின் ஒளியைவிட மிகுதியாகக் குறைகிறது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அமைத்த வெண்மை, ஒருமணி நேரத்திற்குப் பின் நீலம் சார்ந்து பிறழக்கூடும். இதனைத் தடுக்கும் மென்பொருள், பிற நிறங்களை முன்கூட்டியே தாழ்த்தி வைத்து ஈடுசெய்கிறது. நிலையான நிறத்தைத் தருவதற்காக உச்ச ஒளி விட்டுக்கொடுக்கப்படுகிறது. குளிர்ந்த நிலையில் முதல் நிமிடத்தில் அளந்த லூமெனும் வெப்பம் சமநிலை அடைந்தபின் அளந்த லூமெனும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாகும்.

8. கட்டுப்பாட்டுத் தரவு

மேசைக்கும் விளக்குக்கும் இடையிலான பொதுமொழி டிஎம்எக்ஸ் 512. அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் 1986இல் இதனை உருவாக்கியபோது, மங்கல் கருவிகளுக்கு ஒளியளவைத் தெரிவிப்பதே நோக்கம். ஒரு வடத்தில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் எட்டு இருமிகள். நொடிக்கு 2,50,000 இருமிகள் விரைவு. ஒரு தடத்திற்கு 44 மைக்ரோநொடி வீதம் முழுத்தொகுதியும் சென்றுசேர ஏறத்தாழ 22.7 மில்லிநொடி ஆகிறது. எனவே நொடிக்கு ஏறத்தாழ 44 முறையே புதிய கட்டளை வரும்.

இயங்கும் விளக்குகளுக்கு இவ்வமைப்பு நெருக்கடியானது. 540 பாகையை 256 நிலைகளாகப் பகுத்தால் ஒரு நிலை 2.1 பாகை. 20 மீட்டர் தொலைவில் கற்றை ஏறத்தாழ 74 செ.மீ. தாவும், நடிகரின் முகத்தில் விழ வேண்டிய ஒளி அருகிலிருப்பவர் மீது விழும். இரு தடங்களை இணைத்து 16 இருமிகளாக்கினால் ஒரு நிலை 3 மி.மீ.க்கும் குறைவாகிறது. நுண்மை கிட்டுகிறது, தடங்கள் தீர்கின்றன. ஒரு விளக்குக்கு 32 தடங்கள் எனில் ஒரு வடத்தில் 16 விளக்குகளே அடங்கும். 48 தடங்கள் எனில் 10 மட்டுமே.

விரைவிலும் இதே சிக்கல் உண்டு. நொடிக்கு 180 பாகை திரும்பும் விளக்கு, இரு கட்டளைகளுக்கு இடையில் ஏறத்தாழ 4 பாகை கடந்துவிடுகிறது. அப்படிகளை ஒழுக்காக இணைக்க விளக்கின் செயலி அடுத்த கட்டளைக்காகச் சிறிது காத்திருக்க நேர்கிறது. இயக்கம் மென்மையாக அமைந்தால் தாளத்திற்குச் சற்றுப் பிந்துகிறது. பிந்தாது அமைந்தால் சற்று அதிர்கிறது. எளிமைக்காகத் தரவுப் பிழைச் சோதனை விடப்பட்டதும் இம்மொழியின் ஒரு விட்டுக்கொடுப்பே. ஆதலின் மனித உயிருக்கு இடர் விளைக்கக்கூடிய கருவிகளை இதன்வழி இயக்கலாகாது.

9. நம்பகம்

உறுப்புகள் பெருகினால் பழுதுகளும் பெருகும். ஒரு விளக்கு ஓர் இரவு பழுதின்றி இயங்கும் வாய்ப்பு 99 விழுக்காடு எனக் கொள்வோம். தனியே நோக்கின் இது உயர்ந்த எண். அத்தகைய 50 விளக்குகளும் ஓர் இரவு முழுதும் பழுதின்றி இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடே. ஐந்து இரவுகளில் இரண்டில் ஏதேனும் ஒரு விளக்கு பழுதாகும். தனி விளக்கின் நம்பகத்தை 99.9 விழுக்காடாக உயர்த்தினால் முழுத்தொகுதியின் வாய்ப்பு 95 விழுக்காடாகிறது. நூறில் ஒரு பங்கு மேம்பாட்டுக்காகப் பொறியாளர் ஏன் செலவிடுகிறார் என்பதற்கு இதுவே விடை.

இங்கும் தேர்வு உண்டு. கூடுதல் வசதி ஒன்று கூடுதல் மோட்டாரையும் உணரியையும் கொணரும். ஆயுளை உயர்த்த இழைவிளக்கின் வெப்பநிலையைத் தாழ்த்தினால் ஒளி மங்கிச் செம்மை கூடும். எல்இடியின் ஆயுளாகக் கூறப்படும் மணிக்கணக்கு, பெரும்பாலும் அதன் ஒளி 70 விழுக்காடாகக் குறையும் காலத்தையே குறிக்கும். இழைவிளக்கு பழுதானால் விளக்கை மட்டும் மாற்றலாம். எல்இடித் தொகுதி பழுதானால் பல கருவிகளில் முழுப்பகுதியையும் மாற்ற நேரும்.

10. ஒற்றை அளவுகோலின் இடர்: ஐரோப்பிய நிகழ்வு

இவ்விட்டுக்கொடுப்புகளைக் கருதாது ஒரு பண்பை மட்டும் அளவுகோலாக்கினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் முன்வைத்த ஆற்றல் சிக்கன விதிகளின் வரைவு, ஒளிமூலங்களுக்கு ஒரு வாட்டுக்கு 85 லூமென் என்னும் குறைந்தபட்சத் திறனையும், காத்திருப்பு நிலையில் 0.5 வாட் என்னும் உச்ச வரம்பையும் 2020 செப்டம்பர் முதல் விதிக்க முற்பட்டது. அவ்வரைவில் மேடைவிளக்குக்குப் போதிய விலக்கு இல்லை.

வீட்டுக்கும் தெருவுக்கும் பொருந்தும் இவ்வெண்கள் மேடைக்குப் பொருந்தவில்லை. நிறத்தரத்துக்காகவும் செறிந்த கற்றைக்காகவும் ஒளியை விட்டுக்கொடுத்த எல்இடி மேடைவிளக்குகள் பலவும் 85 லூமெனை எட்டா. ஹாலஜன் விளக்கோ அதில் பாதியையும் எட்டாது. கட்டளைக்காகக் காத்து, நிலையைப் பிடித்து, தன் செயலியை விழிப்பில் வைத்திருக்கும் தானியங்கு விளக்குக்கு 0.5 வாட் போதாது. ‘மேடை ஒளியைக் காப்போம்’ என்ற முழக்கத்துடன் ஒளியமைப்பாளர்களும் அரங்குகளும் எடுத்துரைத்த பின்னர், 2019இல் ஏற்கப்பட்டு 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளில் மேடைவிளக்குகளுக்கு விலக்குகள் சேர்க்கப்பட்டன.

ஆற்றல் சிக்கனம் வேண்டாததன்று. ஆண்டு முழுதும் எரியும் விளக்கும், ஒரு காட்சியில் நாற்பது நொடி எரியும் விளக்கும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டமையே அங்கு நேர்ந்த பிழை. அளவுகோலில் இடம்பெறாத பண்புகள் இல்லாதவையாகக் கருதப்பட்டன. அவற்றைக் குறித்துப் பேச அத்துறையினர் இருந்தமையால் விலக்கு கிடைத்தது.

11. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தானியங்கு மேடைவிளக்கில் ‘சிறந்தது’ என்று பொதுப்படக் கூறத்தக்க ஒன்று இல்லை என்பது பெறப்படும். இசைநிகழ்ச்சிக்குரிய விளக்கின் இரைச்சல் நாடகத்திற்குக் குற்றம். நாடகத்திற்குரிய மென்மங்கல் வானைத் துளைக்கும் கற்றைக்குத் தேவையற்றது. தேர்வின் தொடக்கம் கலைவடிவத்திலும் அரங்கிலும் அமைய வேண்டுமே அன்றிக் கருவியின் விவரத்தாளில் அமைதல் கூடாது.

பல்கலைக்கழக நிகழ்கலைத் துறைகளும் கல்லூரி அரங்குகளும் விளக்குகளை வாங்கும்போது, கொள்முதல் பட்டியலில் வாட் அளவும் எண்ணிக்கையும் மட்டும் எழுதப்படுமாயின், ஐரோப்பிய வரைவு செய்த பிழையையே சிறிய அளவில் நாமும் செய்தவராவோம். அதற்கு மாறாகச் சில வினாக்களை முன்வைக்கலாம். வெப்பம் சமநிலை அடைந்தபின் ஒளியளவு எவ்வளவு? வேண்டிய கோணத்தில் அதன் செறிவு எவ்வளவு? அடர்சிவப்பை அது எவ்வாறு காட்டுகிறது? இருளிலிருந்து முதல் ஒளி தோன்றும் தருணம் ஒழுக்காக உள்ளதா? அரங்கில் தொங்கவுள்ள அனைத்தும் ஒருங்கே இயங்கும்போது இரைச்சல் என்ன? கூரை அந்நிறையைத் தாங்குமா? பழுதானால் எப்பகுதியை மாற்ற வேண்டும்? இவ்வினாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு, இருண்ட அரங்கில் ஒரு நடிகரையும் ஒரு விளக்கையும் நிறுத்தி, கண்ணாலும் செவியாலும் விடை காண இயலும்.

அரங்கேற்று காதையின் விளக்கு எத்துணை ஒளி தந்தது என்பதைக் காதை கூறவில்லை. நிழல் எங்கு விழலாகாது என்பதையே கூறுகிறது. எதனைப் பெறுகிறோம் என்பதோடு, எதனை இழக்க உடன்படோம் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது விளக்கைத் தேர்வோருக்கு இன்றும் பொருந்தும் நெறியாகும்.